நடுக்கத்தில் இளகும் நிலம்

ஒரு பக்கெட்டில் முக்கால்வாசி ஆற்று மணலைக் கொட்டுங்கள். குத்தி இறுக்க வேண்டாம், சரித்துவிட்டால் போதும். மணலின் மேல்மட்டம் வரை மெதுவாகத் தண்ணீர் ஊற்றுங்கள். மேசைப்பந்து ஒன்றை உள்ளே புதைத்துவிட்டு, மேலே ஒரு அரைச் செங்கல்லை நெட்டுக்குத்தாக நிறுத்துங்கள். செங்கல் அசையாமல் நிற்கும். இப்போது பக்கெட்டின் பக்கவாட்டில் ரப்பர் சுத்தியலால் விடாமல் தட்டுங்கள். சிறிது நேரத்தில் மணலின் முகம் பளபளக்கும், செங்கல் சாய்ந்து அமிழும், புதைத்த பந்து மேலே வந்துவிடும். தட்டுவதை நிறுத்தியதும் மணல் மறுபடி இறுகும். ஆனால் முன்பிருந்த மட்டத்தில் இருக்காது. சற்று இறங்கியிருக்கும், அதன்மேல் கொஞ்சம் தண்ணீர் தேங்கி நிற்கும்.

நிலநடுக்கத்தின்போது ஒரு தெருவுக்கே இது நடக்கும். செங்கல்லின் இடத்தில் வீடு இருக்கும். பந்தின் இடத்தில் செப்டிக் டேங்கும் மேன்ஹோலும் இருக்கும்.

காரணம் எளிது. மணல் துகள்கள் ஒன்றுக்கொன்று முட்டுக்கொடுத்து நிற்பதால்தான் நிலம் சுமை தாங்குகிறது. தளர்வாகப் படிந்த மணலில் துகள்களுக்கு நடுவே இடைவெளி அதிகம். அந்த இடைவெளி முழுக்க நீர் நிறைந்திருக்கும் நிலையில் பூமி குலுங்கினால், துகள்கள் நெருங்கி உட்காரப் பார்க்கும். அதற்கு நடுவிலுள்ள நீர் வழிவிட வேண்டும். பொடி மணலில் நீர் அவ்வளவு வேகமாக வெளியேற முடியாது. ஆகவே நீரின் அழுத்தம் ஏறுகிறது, சுமை துகள்களிடமிருந்து நீருக்கு மாறுகிறது, துகள்களின் பிடி விட்டுப்போகிறது. அந்த நேரத்தில் நிலம் கூழ்தான். இதை மண் திரவமாதல் என்கிறார்கள். நடுக்கம் நின்ற பிறகும் அழுத்தம் தணியும்வரை, வெடிப்புகள் வழியே மணலும் நீரும் கலந்து கொப்பளித்துக்கொண்டிருக்கும்.

ஆக, மூன்று சேர்ந்தால்தான் ஆபத்து: தளர்ந்த மணல் அல்லது மணல் கலந்த வண்டல், அதை நிறைத்திருக்கும் நீர், போதிய அளவு வலுவான குலுக்கம். குலுக்கம் நம் கையில் இல்லை. மற்ற இரண்டில் ஒன்றை மாற்றலாம். முடியாவிட்டால், நிலம் இளகினாலும் தாங்கி, பிறகு நிமிர்த்தக்கூடிய வீட்டைக் கட்டலாம். இந்த அத்தியாயத்தில் வரும் வழிகள் எல்லாம் இந்த இரண்டு வகைக்குள் அடங்கும்.

பலமான கட்டடம் மட்டும் போதாது

ஜப்பானின் நீகாட்டா நகரை 1964 ஜூன் 16 அன்று 7.5 அளவிலான நிலநடுக்கம் தாக்கியது. கவாகிஷிச்சோ என்ற ஆற்றோரக் குடியிருப்பில் நான்கு மாடி அடுக்ககங்கள் சாய்ந்தன. ஒன்று ஏறக்குறைய மல்லாந்தே படுத்துவிட்டது. கட்டடங்கள் உடையவில்லை என்பதுதான் அதில் கவனிக்க வேண்டிய செய்தி. கான்கிரீட் நன்றாகவே இருந்தது. சரியாகக் கட்டப்பட்ட பெட்டி அப்படியே முழுசாகக் கவிழ்ந்திருந்தது. சாய்ந்த கட்டடத்தில் இருந்தவர்கள் வெளிச்சுவர்மீதே நடந்து இறங்கினார்கள். அதே ஆண்டு மார்ச் 27-இல் அலாஸ்காவில் 9.2 அளவிலான நிலநடுக்கம் ஏற்பட்டிருந்தது. இந்த இரண்டும்தான் பொறியாளர்களை இந்தத் துறைக்குள் ஆழமாக இறக்கின. கலிபோர்னியாவில் சீட், இத்ரிஸ் இருவரும் 1971-இல் வெளியிட்ட எளிய கணக்கீட்டு முறையின் வழிவந்த முறைகளே உலகெங்கும் இன்றைக்கும் பயன்படுகின்றன. இந்திய நெறிமுறையான ஐஎஸ் 1893-உம் அந்த வழியில்தான் போகிறது.

வீடு கட்டுகிறவர்களில் பலர் கம்பியிலும் சிமென்டிலும் காட்டும் அக்கறையில் பாதியைக்கூட மண்ணில் காட்டுவதில்லை. 'காலம் பெருசா போட்டிருக்கேன், நிலநடுக்கம் வந்தாலும் அசையாது' என்று மேஸ்திரி சொல்வதில் அரை உண்மைதான் இருக்கிறது. காலம் எனும் தூணைத் தாங்குவது ஃபுட்டிங். ஃபுட்டிங்கைத் தாங்குவது மண்.

கிரைஸ்ட்சர்ச் நகரம் கற்றது

குடியிருப்பு வீடுகள் இந்தச் சிக்கலில் எப்படி அகப்படுகின்றன என்பதை நியூசிலாந்தின் கிரைஸ்ட்சர்ச் அளவுக்குத் தெளிவாகக் காட்டிய ஊர் வேறில்லை. ஏவன் ஆறு வளைந்து வளைந்து கடலை நோக்கிப் போகும் சமவெளி அது. கிழக்குப் பகுதியில் இளம் மணலும் வண்டலும். பல இடங்களில் ஒன்றிரண்டு மீட்டர் தோண்டினாலே தண்ணீர். அந்தப் பகுதி மண் இளகக்கூடியது என்று காட்டும் வரைபடங்கள் நிலநடுக்கத்துக்கு முன்பே இருந்தன. வீடுகள் அதற்கும் வெகு முன்பே கட்டப்பட்டுவிட்டன.

2010 செப்டம்பர் 4-இல் முதல் நடுக்கம், அளவு 7.1. மையம் நகரத்துக்கு மேற்கே தள்ளியிருந்தும் ஆற்றோரத் தெருக்களில் மணல் கொப்பளித்தது. மக்கள் வாரிக் கொட்டிவிட்டு வீட்டைச் சரிசெய்யத் தொடங்கினார்கள். 2011 பிப்ரவரி 22 அன்று நகரத்தின் காலடியிலேயே 6.2 அளவில் இன்னொன்று வந்தது. 185 பேர் இறந்தார்கள். பெரும்பாலோர் இடிந்த கட்டடங்களில். மண் இளகியதால் போன உயிர்கள் மிகக் குறைவு, போன வீடுகளோ ஆயிரக்கணக்கில். தெருக்களிலிருந்து அகற்றிய சாம்பல் நிற வண்டல் மட்டும் 4 லட்சம் டன்னைத் தாண்டியது. அதே ஆண்டு ஜூனிலும் டிசம்பரிலும் பழைய இடங்களிலேயே மறுபடி இளகியது.

இதை அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. 'ஒரு தடவை இளகி இறுகிவிட்டது, இனி பயமில்லை' என்று நினைப்பது இயல்பு. பக்கெட் சோதனையில் மணல் சற்று இறங்கி நெருங்கியதைப் பார்த்தோம் அல்லவா? ஆனால் கீழிருந்து மேலே பாயும் நீர், மேல்பகுதி மணலை மறுபடி தளர்த்திவிடும். கிரைஸ்ட்சர்ச்சில் ஒரே தெரு ஓராண்டுக்குள் பலமுறை இளகியது. நீகாட்டா நகரிலும் 2024 ஜனவரி 1-இல் நோட்டோ தீபகற்பத்தில் வந்த நடுக்கத்தால் மறுபடி மண் இளகி வீடுகள் சாய்ந்தன. ஒருமுறை இளகிய நிலத்தை, எப்போது வேண்டுமானாலும் இளகக்கூடிய நிலமாகவே கொள்ளுங்கள்.

அங்கே சேதம் பல வடிவில் வந்தது. வீட்டின் ஒரு மூலை இறங்கித் தரை சரிந்தது; பந்து உருட்டினால் ஓடுகிற சரிவு. தரைத்தளக் கான்கிரீட்டில் கம்பி இல்லாத பழைய வீடுகள் நடுவில் பிளந்தன. ஆற்றங்கரை வீடுகளுக்கு நேர்ந்தது இன்னும் மோசம். மேல்மண், இளகிய அடுக்கின்மேல் வழுக்கி ஆற்றை நோக்கி நகர்ந்தது. சரிவு கண்ணுக்கே தெரியாத தரையில்கூட இது நடக்கும். வீட்டின் ஒரு பாதி நகர்ந்து மறுபாதி நின்றுவிட்டால், எந்தச் சாதாரண அஸ்திவாரமும் தாங்காது. சாக்கடைக் குழாய்கள் உடைந்து மணல் அடைத்துக்கொண்டதால் தெருவோரங்களில் தற்காலிகக் கழிவறைகள் வைக்க வேண்டிவந்தது. நிலமே சில இடங்களில் அரை மீட்டருக்கு மேல் தாழ்ந்ததால், முன்பு தண்ணீர் ஏறாத தெருக்களில் பிறகு மழை வெள்ளம் ஏறத் தொடங்கியது. இந்தக் கடைசிச் சேதத்தைப் பலரும் கணக்கில் எடுப்பதில்லை. வீட்டை நிமிர்த்திய பிறகும் அது கூடவே இருக்கும்.

அரசு கடைசியில் ஏறத்தாழ 8,000 வீட்டு மனைகளை, பெரும்பாலும் ஏவன் ஆற்றோரத்தில், இனிக் குடியிருக்க ஏற்றதல்ல என்று அறிவித்து விலைகொடுத்து வாங்கியது. மிச்சத் தட்டை நிலத்தை மூன்று தரமாகப் பிரித்தார்கள். முதல் தரத்தில் வழக்கமான அஸ்திவாரம் போதும். இரண்டாவதில் வலுவூட்டிய தளம் வேண்டும். மூன்றாவதில் ஆழமான மண் பரிசோதனை செய்து, பொறியாளர் தனியாக வடிவமைத்த பிறகே கட்டலாம். அங்கே நடந்த ஆயிரக்கணக்கான மண் பரிசோதனை முடிவுகளைப் பொறியாளர்கள் பகிர்ந்துகொள்ளும் ஒரு பொதுத் தரவுத்தளமும் உருவானது. நம் நகரங்களில் ஒவ்வொரு மனைக்கும் போர் போட்டு எடுக்கும் அறிக்கை அந்தந்த வீட்டுப் பீரோவோடு முடிந்துவிடுகிறது. பக்கத்து மனைக்காரரிடம் கேட்டு வாங்கிப் பாருங்கள், உங்களுடையதையும் கொடுங்கள்.

எங்கே எச்சரிக்கை வேண்டும்

இந்தியாவில் இதற்குப் பழைய சாட்சி பீகார். 1934 ஜனவரி 15-இல் வந்த பெரும் நடுக்கத்தில் சீதாமடியிலிருந்து பூர்ணியா வரை சுமார் 300 கிலோமீட்டர் நீளப் பட்டையில் நிலம் அமிழ்ந்தது. வீடுகள் நொறுங்குவதைவிட அதிகமாகச் சாய்ந்தும் புதைந்தும் போயின. வயல்களை மணல் மூடியது, கிணறுகள் தூர்ந்தன. 2001 ஜனவரி 26 பூஜ் நடுக்கத்தில் கட்ச் பகுதியின் உப்புச் சமவெளிகள் இளகின; மண்ணால் ஆன பல அணைகளின் கரைகள் சரிந்தன. வறட்சியால் அந்த நீர்த்தேக்கங்களில் தண்ணீர் குறைவாக இருந்ததுதான் பெரும் வெள்ளச் சேதத்தைத் தடுத்தது.

தமிழ்நாட்டில் இந்த ஆபத்து பீகாரையோ கட்ச்சையோ போன்றதல்ல. சென்னை 2002-இல் மூன்றாம் நிலநடுக்க மண்டலத்துக்கு மாற்றப்பட்டது உண்மை. கடற்கரையை ஒட்டி மணலும் உயர்ந்த நீர்மட்டமும் இருப்பதும் உண்மை. மாடிக் கட்டடம், மருத்துவமனை, பாலம் கட்டுகிறவர்கள் கணக்குப் போட்டுப் பார்க்கத்தான் வேண்டும். சின்ன வீடு கட்டுகிறவர் பயந்து தூக்கம் கெட வேண்டியதில்லை. ஆனால் நம்மவர்கள் போர்ட் பிளேரிலும் காந்திதாமிலும் குவாஹாத்தியிலும் வீடு வாங்குகிறார்கள். ஜப்பானிலும் நியூசிலாந்திலும் குடியேறுகிறார்கள். அவர்களுக்கு இந்த அத்தியாயம் நேரடியாகவே உதவும்.

மனை பார்க்கும்போது கவனிக்க வேண்டியவை: ஆறு பழைய காலத்தில் ஓடிக் கைவிட்ட தடம், ஆற்று வளைவின் உட்புறம், கழிமுகம், கடலையோ உப்பங்கழியையோ தூர்த்த இடம், மண் கொட்டி நிரப்பிய ஏரி, குட்டை. மனிதர் கொட்டிய மண்தான் பெரும்பாலும் எல்லாவற்றிலும் மோசம். அதை யாரும் அடுக்கடுக்காக இறுக்கியிருக்க மாட்டார்கள். பக்கத்துக் கிணற்றில் மழைக்காலத்தில் எத்தனை அடியில் தண்ணீர் நிற்கிறது என்று கேளுங்கள். கோடையில் பார்த்துவிட்டு 'ஆழத்தில்தான் இருக்கிறது' என்று முடிவு கட்டாதீர்கள். ஊர்ப் பெரியவர்கள் சொல்வதையும் பழைய நில வரைபடத்தையும் ஒப்பிட்டால், எது நிரப்பிய இடம் என்பது பெரும்பாலும் தெரிந்துவிடும்.

வாய்க்கால் பாசனம் உள்ள சரிவுகளுக்குத் தனி எச்சரிக்கை. இந்தோனேசியாவின் பாலு நகரருகே 2018 செப்டம்பர் 28-இல் பெடோபோ, பலாரோவா, ஜோனோ ஓகே ஆகிய இடங்களில் மென்சரிவான நிலம் வீடுகளோடு சேர்ந்து நூற்றுக்கணக்கான மீட்டர் ஓடியது. அங்கே மண் இளகல் ஆயிரக்கணக்கில் உயிரையும் வாங்கியது. பாசனக் கால்வாயும் நெல் வயல்களும் நிலத்தடி நீரை உயர்த்தி வைத்திருந்தது அதற்கு ஒரு முக்கியக் காரணம் என்று ஆய்வாளர்கள் காட்டினார்கள். அந்த மாதிரி இடத்துக்கு அஸ்திவாரத்தில் தீர்வு கிடையாது. அங்கே வீடு வாங்காதீர்கள்.

மண் பரிசோதனையில் என்ன கேட்பது

மூன்று மீட்டர் குழி தோண்டிப் பார்த்துவிட்டு 'நல்ல மண்' என்று எழுதித் தரும் அறிக்கையால் இந்த விஷயத்தில் பயனில்லை. இளகும் அடுக்கு மேல் மண்ணுக்குக் கீழே மறைந்திருக்கலாம். போர் குறைந்தது 15 மீட்டராவது, சந்தேகம் இருந்தால் 20 மீட்டர் வரையும் போக வேண்டும். அதற்கு முன்பே பாறையோ கெட்டி அடுக்கோ வந்துவிட்டால் வேறு.

போரில் செய்யும் வழக்கமான சோதனையை எஸ்பிடி என்பார்கள். 63.5 கிலோ எடையை 75 செ.மீ. உயரத்திலிருந்து விட்டு விட்டு, குழாய் 30 செ.மீ. இறங்க எத்தனை அடி வேண்டியிருக்கிறது என்று எண்ணுகிறார்கள். அந்த எண்ணிக்கைதான் 'என்' (N) மதிப்பு. ஐஎஸ் 1893-இன் 2016 பதிப்பு, மூன்றாம் மண்டலமும் அதற்கு மேலும் உள்ள இடங்களில், 5 மீட்டர் ஆழம் வரை திருத்திய என் மதிப்பு 15, 10 மீட்டருக்குக் கீழே 25 இருப்பது விரும்பத்தக்கது என்கிறது. அதற்குக் குறைந்தால் மண்ணை இறுக்க வேண்டும் அல்லது கெட்டி அடுக்கு வரை பைல் இறக்க வேண்டும். நெறிமுறைகள் திருத்தப்பட்டுக்கொண்டே இருப்பவை; கட்டும் நாளில் எந்தப் பதிப்பு நடப்பில் இருக்கிறது என்று பொறியாளரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

கூம்பை ஒரே வேகத்தில் அழுத்தி இறக்கி எதிர்ப்பைத் தொடர்ச்சியாகப் பதிவுசெய்யும் சோதனை இன்னும் நல்லது. ஒரு சாண் தடிமனுள்ள மெல்லிய அடுக்குகூட அதில் தப்பாது. கிரைஸ்ட்சர்ச்சில் பெரிதும் அதையே நம்பினார்கள்.

அறிக்கை கைக்கு வந்ததும் பாருங்கள்: நீர்மட்டம் எந்த மாதத்தில் அளந்தது? ஒவ்வொரு ஒன்றரை மீட்டருக்கும் என் மதிப்பு இருக்கிறதா? துகள் அளவுப் பகுப்பாய்வும், பொடி மண் எவ்வளவு, அது ஒட்டும் களியா ஒட்டாத வண்டலா என்பதும் இருக்கிறதா? எந்த அளவு நடுக்கத்துக்குக் கணக்குப் போட்டார்கள்? ஒவ்வொரு அடுக்குக்கும் பாதுகாப்புக் கெழு என்ன? கெழு 1-க்குக் கீழே போனால் அந்த அடுக்கு இளகும் என்று பொருள். கடைசியாக, இளகினால் தரை எத்தனை சென்டிமீட்டர் இறங்கும் என்ற மதிப்பீடு. இந்தக் கடைசி எண் இல்லாத அறிக்கையைத் திருப்பி அனுப்பிக் கேட்டு வாங்குங்கள். வீட்டுக்காரருக்கு உண்மையில் தேவைப்படுவது அதுதான். 3 சென்டிமீட்டர் என்றால் ஒரு வகை அஸ்திவாரம், 20 என்றால் முற்றிலும் வேறு.

மண்ணைத் திருத்துதல்

காலி மனையில் கையிலிருக்கும் வாய்ப்பு, வீடு எழும்பிய பிறகு இருக்காது. ஆகவே செலவழிப்பதானால் இப்போதே.

இளகும் அடுக்கு மேலாக, இரண்டு மூன்று மீட்டருக்குள் இருந்தால், தோண்டி எடுத்துவிட்டு ஜல்லியோ கிராவலோ அடுக்கடுக்காகப் போட்டு ரோலரால் இறுக்குவது நேரான வழி. கிரைஸ்ட்சர்ச்சில் நடுநடுவே வலை விரிப்புகள் வைத்து இப்படி ஜல்லித் திட்டு அமைத்து, அதன்மேல் வீடு கட்டினார்கள். கீழே இளகினாலும் திட்டு ஒரே பாளமாக இறங்குவதால் வீடு கோணாது.

ஆழமாக இருந்தால், அதிரும் குழலை மண்ணுக்குள் இறக்கி, துளையில் ஜல்லியைக் கொட்டி இறுக்கிக்கொண்டே மேலே வரும் கல்தூண் முறை நம் நாட்டிலும் பரவலாக நடக்கிறது; ஐஎஸ் 15284 இதற்கான வழிகாட்டி. தூண் சுற்றியுள்ள மணலை நெருக்குகிறது, சுமையில் ஒரு பங்கைத் தானே தாங்குகிறது, நீர் வெளியேறவும் ஓரளவு வழிவிடுகிறது. சுத்தமான மணலில் நல்ல பலன். வண்டல் அதிகமானால் பலன் குறையும். டோக்கியோ டிஸ்னிலேண்ட் பூங்கா இதற்கு நெருங்கிய முறையில், மணல் தூண்களால் இறுக்கிய நிலத்தில் கட்டப்பட்டது. 2011 மார்ச் 11 நடுக்கத்தில் அது இருக்கும் உராயாசு நகரின் கடல் தூர்த்த பகுதிகள் பெரும்பாலும் இளகி வீடுகள் சாய்ந்தன, மேன்ஹோல்கள் தரைக்கு மேல் எழும்பி நின்றன. பூங்காவின் உட்பகுதி பெரிய சேதமின்றித் தப்பியது; திருத்தப்படாத வாகன நிறுத்துமிடத்தில் மண் கொப்பளித்தது. ஒரே ஊர், ஒரே நடுக்கம். மண்ணைத் திருத்துவதால் என்ன கிடைக்கும் என்று கேட்பவருக்கு இதைக் காட்டலாம்.

பெரிய எடையைக் கிரேனில் தூக்கிப் போட்டுப் போட்டு இறுக்கும் முறை மலிவு. ஆனால் சுற்றிலும் வீடுகள் இருந்தால் அவற்றின் சுவர் வெடிக்கும். ஊருக்குள் அதை எண்ணவே வேண்டாம். மண்ணோடு சிமென்டைக் கலந்து நிலத்துக்குள் கட்டம் கட்டமாகச் சுவர் எழுப்புவது விலை அதிகம், அதிர்வு குறைவு. 1995 ஜனவரி 17 கோபே நடுக்கத்தில் துறைமுகச் சுவர்கள் கடலை நோக்கி மீட்டர் கணக்கில் நகர்ந்தபோதும், அப்படிப்பட்ட கட்டத்தின்மேல் எழும்பிக்கொண்டிருந்த ஓரியண்டல் ஹோட்டல் நின்றது. மருத்துவமனை, பள்ளி, அடுக்ககம் என்றால் இந்தச் செலவு தகும்.

நீர்மட்டத்தை இறக்குவது இன்னொரு வழி. தனி வீட்டுக்காரரால் ஆகாது. தெருவே சேர வேண்டும், ஆண்டு முழுக்கப் பராமரிக்க வேண்டும். கீழே களிமண் இருந்தால் நீர் வடிந்ததும் அது அமுங்கி, நிலநடுக்கம் வராமலேயே வீடுகள் இறங்கிவிடும். நல்ல பொறியாளர் கணக்குப் போடாமல் தொடவே கூடாத வழி இது.

அஸ்திவாரமும் குழாயும்

இளகும் மண்ணில் தனித்தனி ஃபுட்டிங் மிக மோசமான தேர்வு. ஒவ்வொன்றும் அதனதன் போக்கில் இறங்கும், வீடு கிழியும். பிளிந்த் பீமால் எல்லாவற்றையும் இறுகக் கட்டுவது குறைந்தபட்சம். ராஃப்ட் அதைவிட நல்லது: வீடு முழுவதற்கும் ஒரே தடித்த கம்பி கட்டிய தளம். மண் இறங்கினாலும் வீடு ஒரே துண்டாக இறங்கும், சாய்ந்தாலும் ஒரே துண்டாகச் சாயும், பிறகு நிமிர்த்தலாம். நிமிர்த்துவதற்கு வசதியாக, ஜாக்கி வைக்கும் இடங்களைக் கட்டும்போதே திட்டமிடும் பழக்கம் கிரைஸ்ட்சர்ச்சில் வந்தது. அங்கே குட்டைத் தூண்கள்மேல் நின்ற பழைய மரத்தள வீடுகள், தகரக் கூரையோடு எடை குறைவாக இருந்தவை, எளிதில் நிமிர்த்தப்பட்டன. கனமான ஓடும் செங்கல் முகப்பும் கொண்டவை அதிகம் துன்பப்பட்டன. எடையைக் குறைப்பது செலவில்லாத பாதுகாப்பு. மொட்டை மாடியில் பிறகு ஒரு தளம் ஏற்றும் ஆசையை இந்த மண்ணில் விட்டுவிடுங்கள்.

பைல் போட்டுவிட்டால் கவலை தீர்ந்தது என்பது பரவலான நம்பிக்கை. காண்ட்லா துறைமுகத்தில் 22 மீட்டர் உயரக் கட்டடம் ஒன்று 18 மீட்டர் நீளமுள்ள 32 பைல்கள்மேல் நின்றது. 2001-இல் அது சாய்ந்தது. உச்சி 30 செ.மீ. அளவு விலகியது. பைல்கள் களிமண்ணைக் கடந்து இறங்கியிருந்தன, ஆனால் முடிந்த இடம் இளகிய மணல். பைலின் முனை இளகாத அடுக்குக்குள் நன்றாக ஊன்ற வேண்டும். நடுவில் மண் இளகும்போது பைலுக்குப் பக்கத்துணை போய்விடும், நகரும் மண் அதைப் பக்கவாட்டில் தள்ளும். அந்த வளைவுக்கும் கம்பி கணக்கிட்டிருக்க வேண்டும். உங்கள் பொறியாளரிடம் இந்த இரண்டையும் நேரடியாகக் கேளுங்கள். பதில் தயங்கி வந்தால் இன்னொருவரிடம் கருத்துக் கேளுங்கள்.

குழாய்களுக்கு வருவோம். கிரைஸ்ட்சர்ச்சில் பழைய களிமண், கல்நார், வார்ப்பிரும்புக் குழாய்கள் முறிந்த இடங்களில் பாலிஎத்திலீன் குழாய்கள் பெரும்பாலும் தாங்கின; வளைந்துகொடுத்ததே காரணம். ஆகவே தெருவிலிருந்து வீட்டுக்கு வரும் தண்ணீர்க் குழாய்க்கு ஒட்டுப்போட்ட பிவிசியைவிட எச்டிபிஇ நல்லது. சுவருக்குள் நுழையும் இடத்தில் வளையும் இணைப்பும் கொஞ்சம் தொய்வும் வையுங்கள். சாக்கடைக் குழாய்க்கு வழக்கத்தைவிடச் சற்று அதிகச் சரிவு கொடுங்கள். நிலம் இறங்கினாலும் எதிர்ச்சரிவு எளிதில் ஏற்படாது. சம்ப்பும் செப்டிக் டேங்கும் மிதக்காமலிருக்கத் தளத்தை வெளியே நீட்டி, அதன்மேல் இறுக்கிய ஜல்லி நிரப்புங்கள். சம்ப்பை எப்போதும் பாதிக்கு மேல் நிரப்பி வைத்திருப்பதும் உதவும்.

ஏற்கெனவே கட்டிய வீட்டுக்கு வழிகள் குறைவு. துளையிட்டுக் கெட்டியான சிமென்ட் கலவையை அழுத்திச் செலுத்தி மண்ணை நெருக்கலாம்; செலவு கனம், எல்லா மண்ணுக்கும் பலிக்காது. பெரும்பாலோருக்கு நான் சொல்வது: பிளிந்த் கட்டைப் பலப்படுத்துங்கள், குழாய் இணைப்புகளை மாற்றுங்கள், காப்பீட்டில் நிலநடுக்கமும் நிலம் இறங்குவதும் அடங்குகிறதா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

நடுக்கம் வந்த பிறகு

குலுக்கம் நடக்கும்போது வெளியே ஓட வேண்டாம். மேசைக்கடியில் தலையைக் காத்து இருங்கள். இளகும் மண்ணால் வீடு மெல்லச் சாயும். நொடியில் நொறுக்குவது குலுக்கம்தான். நின்ற பிறகு காஸையும் மின்சாரத்தையும் நிறுத்திவிட்டு வெளியேறுங்கள். ஆற்றங்கரை, குளக்கரை, ஏரிக்கரை ஓரங்களை விட்டு விலகி நில்லுங்கள். 1971-இல் கலிபோர்னியாவின் லோயர் சான் பெர்னாண்டோ அணையின் கரை சரிந்து, தண்ணீருக்கு மேலே சுமார் ஒன்றரை மீட்டர் உடைந்த மண்தான் மிஞ்சியது. கீழே இருந்த ஏறத்தாழ 80,000 பேரை வெளியேற்றினார்கள்.

சேறும் நீரும் தேங்கிய தெருவில் வண்டி ஓட்டாதீர்கள். கிரைஸ்ட்சர்ச்சில் கார்கள் மறைந்திருந்த குழிகளுக்குள் மூக்கோடு இறங்கின. கழிவறையில் தண்ணீர் விடாதீர்கள்; உங்கள் குழாய் உடைந்திருந்தால் அது பக்கத்து வீட்டு முற்றத்தில் வெளிவரும். குடிநீரைக் கொதிக்கவையுங்கள். கொப்பளித்த வண்டலில் சாக்கடை கலந்திருக்கும். பூட்ஸ், கையுறை போட்டு அதை வாருங்கள். காய்ந்தால் தூசியாகப் பறக்கும், முகக்கவசம் வேண்டும். மழைநீர் வடிகாலில் தள்ளாதீர்கள், அடைத்துக்கொள்ளும். வீட்டுக் குப்பையோடு கலக்காமல் தெருவோரம் தனிக் குவியலாக வையுங்கள். அந்த நகரத்தில் கேன்டர்பரி பல்கலைக்கழக மாணவர்கள் ஃபேஸ்புக்கில் ஒன்றுகூடி, மண்வெட்டியும் தள்ளுவண்டியுமாக ஆயிரக்கணக்கில் இறங்கி, முதியவர் வீடுகளில் வண்டலை வாரினார்கள். உங்கள் தெருவில் தனியாக இருப்பவர் யார் என்று முன்பே தெரிந்து வைத்திருந்தால் இந்த வேலை வேகமாக நடக்கும்.

பிறகு அளவெடுங்கள். ட்யூப் லெவல் வைத்து ஒவ்வொரு அறையின் மூலையிலும் தரைமட்டத்தைக் குறியுங்கள். வெளிச்சுவரில் தூக்குக்குண்டு விட்டுச் சாய்வைப் பாருங்கள். வெடிப்புகளின் இரு முனையிலும் பென்சிலால் தேதி எழுதிப் படம் எடுங்கள். நியூசிலாந்து வழிகாட்டுதலில், வீடு முழுவதும் மட்ட வித்தியாசம் 50 மி.மீ.-க்குள்ளும் சரிவு 200-க்கு 1-க்குள்ளும் இருந்தால் அஸ்திவாரத்தை நிமிர்த்தத் தேவையில்லை என்று வைத்திருக்கிறார்கள். அதைத் தாண்டினால் பொறியாளரை அழையுங்கள். பூசி வண்ணமடிக்கும் வேலையை மட்டும் உடனே தொடங்காதீர்கள். பின்னதிர்வுகள் மாதக்கணக்கில் வரலாம். பெரிதாக ஒன்று வரும் ஒவ்வொரு முறையும் அதே மூலைகளில் மறுபடி அளந்து, பழைய எண்ணுக்குப் பக்கத்தில் புதிய எண்ணையும் தேதியையும் எழுதிவையுங்கள். காப்பீட்டுக்காரர் கேட்கும் முதல் தாள் அதுவாகத்தான் இருக்கும்.